படியேறிய பாட்டும் பாடியோர் பெயரும்



சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். பின்னாளில் புறநகர் வண்டிகள் செங்கற்பட்டு வரை வரலாயின. சிங்கப்பெருமாள் கோவிலும் அவற்றின் நிறுத்தங்களுள் ஒன்றாயிற்று. இத்தடத்தில் மாலை வேளைகளில் பயணம் செய்தோர் அனைவரும் ஒரு காட்சியை அறிவர். வாசலோரம் நிற்கும் இளைஞர் சிலர் பெட்டியின் தகரச் சுவரில் விரல்களாலும் உள்ளங்கையாலும் தாளம் தட்டுவர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் அதை வாங்கிப் பாடுவர். பயணிகளுள் சிலர் முகம் சுளிப்பர். சிலர் முகத்தில் எதையும் காட்டாமல் காலால் தாளம் போடுவர். அந்தப் பாட்டுக்குக் கானா என்று பெயர்.

பாட்டு எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லோடு இப்பெயருக்கு உறவுண்டு என்பர். வடசென்னையின் குடிசைப் பகுதிகளிலும், துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளர் குடியிருப்புகளிலும் வளர்ந்த இசை இது. வட மாவட்டச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடிப் பட்டணம் புகுந்தோர், தம்மோடு கொண்டுவந்த ஒப்பாரியையும் கூத்துப்பாட்டையும் பட்டணத்தில் கேட்ட பிற இசைகளோடு கலந்தனர். தமிழோடு உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் அதில் தாராளமாகப் புழங்கின. இலக்கணம் பார்த்து எழுதப்பட்ட பாட்டன்று; இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டிய மனிதர்களுக்காக அந்தந்த நேரத்தில் கட்டப்பட்ட பாட்டு.

விழித்திருக்க வேண்டிய அந்த இரவு, பெரும்பாலும் இழவு வீட்டின் இரவு. பிணத்தை வைத்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருக்கும் சுற்றத்தாரிடையே, இறந்தவரின் வாழ்வையும் உலகின் நிலையாமையையும் பாடும் மரண கானா இவ்விசையின் முதன்மையான வடிவங்களுள் ஒன்று. தமிழுக்கு இது புதிதன்று. ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒரே நாளில் ஒலிப்பதைக் கண்டு வருந்திய பக்குடுக்கை நன்கணியாரைப் புறநானூறு காட்டுகிறது. அதே நூலின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சிறப்பித்துரைக்கும் நான்கு குடிகள் பாணர், பறையர், துடியர், கடம்பர் என்போர். பாணர் யாழும் பண்ணும் வல்லவர். பறையும் துடியும் பெயரிலேயே கருவியைத் தாங்கியவை. இசையைத் தொழிலாகக் கொண்டோரைப் போற்றிய அந்தச் சமூகம், பிற்காலத்தில் அவர்களுள் சிலரை ஊருக்கு வெளியே நிறுத்தியது. இழவுக்குப் பறை வேண்டும். பறையடிப்பவர் வேண்டா என்பது அந்த ஏற்பாட்டின் சாரம்.

கானா இழவு வீட்டை விட்டு வெளியே வந்த முதற்படி திரைப்படம். 1990களில் இசையமைப்பாளர் தேவா கானா மெட்டுகளைத் திரையில் ஒலிக்கச் செய்தார்; தமிழகமெங்கும் அவை பாடப்பட்டன. 2006இல் வெளியான 'சித்திரம் பேசுதடி' படத்தில், மீன்களின் கல்யாணத்தைப் பாடும் பாட்டின் வழியாகக் கானா உலகநாதன் திரைக்கே வந்து நின்றார். 2012இல் பா. இரஞ்சித்தின் முதற்படமான 'அட்டகத்தி'யில் கானா பாலாவின் குரல் பெரும் வரவேற்புப் பெற்றது. ஆயினும், கதையின் நடுவே சில நிமிடம் ஆடிப்பாடி மகிழ்விக்கும் விருந்தினராகவே கானா திரையில் பெரிதும் இருந்தது. தன் துயரத்தைத் தன் பெயரால் பாடும் மேடை அதற்குத் திரையில் அரிதாகவே கிடைத்தது.

அந்த மேடை 2018ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் அமைந்தது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு அன்று முதன்முறையாக மக்கள்முன் தோன்றியது. குழுவினர் பத்தொன்பது பேர். கானாப் பாடகர்களும், சொல்லிசைக் கலைஞர்களும், பறை, சட்டி, கட்டமோளம் ஆகியவற்றை இசைப்போரும், கிதாரும் மேலைமுரசும் இசைப்போரும் அதில் இருந்தனர். பெண் ஒருவரே, அவர் கானாப் பாடகி இசைவாணி. ஆண்கள் பாடுவது என்றே கருதப்பட்டுவந்த இசையில் தம் குரலை நிலைநாட்டிய அவர், 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

அந்நிகழ்ச்சி மார்கழியில் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. 1928இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாதெமி முதலிய சபைகளால் மார்கழி என்றாலே கருநாடக இசை என்னும் வழக்கம் சென்னையில் வேரூன்றிவிட்டது. அந்தச் சபைகளில் தமிழ்ப் பாட்டுக்கே இடம் போதவில்லை என்ற குறையால் தமிழிசை இயக்கம் எழுந்ததும், 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் இந்த அவை அறிந்த வரலாறு. மொழிக்கு இடம் கேட்ட குரல் அது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அதே மார்கழியில், மக்களுக்கு இடம் கேட்ட குரல் கீழ்ப்பாக்கத்தில் எழுந்தது. 2020 முதல் நீலம் நடத்திய 'மார்கழியில் மக்களிசை' அதன் தொடர்ச்சி.

குழுவின் பெயரும் தமிழ்ச் சிந்தனையின் ஒரு பழைய ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டதே. 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதிபேதமற்றோர் என்று குறித்தார். பிறர் இட்ட இழிபெயரைத் துறந்து தம்மைத் தாமே பெயரிட்டுக்கொள்ளும் உரிமை அச்சொல்லில் அடங்கியிருந்தது. 1914இல் மறைந்த பண்டிதரின் சொல், நூறாண்டு கடந்து ஓர் இசைக்குழுவின் பெயராக ஆங்கிலத்தில் மறுபிறவி எடுத்தது.

அக்குழுவினர் மேடையில் ஒரே நிறத்துக் கோட்டும் கால்சட்டையும் அணிந்து நின்றனர். கானா பாடுவோர் என்றால் கைலியும் கழுத்தில் துண்டுமாகவே காட்டிப் பழகிய கண்களுக்கு அது வியப்பாயிற்று. அண்ணல் அம்பேத்கரின் உடையைத் தன்மதிப்பின் அடையாளமாகக் கண்டவர்க்கு அதன் பொருள் உடனே விளங்கியது. அவர்கள் பாடிய பொருள்களும் இட ஒதுக்கீடு, உணவு உரிமை, சாதி கடந்த காதல், வடசென்னையின் வாழ்வு என்பன. அவற்றை அழுகையாகப் பாடாமல், கேட்போர் எழுந்து ஆடும்படி பாடினர். துயரத்தைத் தாளத்தில் ஏற்றி ஆடவைப்பது மரண கானா அறிந்த பழைய வித்தை.

இந்த எழுச்சியை அளந்து பார்க்க, உலகில் முன்னர் நிகழ்ந்த ஓர் எழுச்சி துணைசெய்யும். சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று அழைப்பது செய்தித்தாள் வழக்கு. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அண்மையிலுள்ள மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022 வரை கார்களை உருவாக்கியது. அந்நிறுவனத்தின் தாயகம் டெட்ராய்ட் வட்டாரம். அதே நகரில், ஃபோர்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் ஆலையில் கார்ப் பாகங்களைப் பூட்டும் வரிசையில் வேலைசெய்த கறுப்பின இளைஞர் பெரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று 1959இல் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மோட்டவுன் என்று உலகப்புகழ் பெற்றது அதுவே. ஆலை வரிசையில் கார் உருவாவதுபோல், பாட்டு எழுதுவோர், மெட்டமைப்போர், பாடுவோர், நடை பழக்குவோர் எனப் பணிகளைப் பகுத்துப் பாடகர்களை உருவாக்கினார் அவர்.

அங்கு உருவான இசையைச் சோல் என்பர். ஆன்மா என்பது அச்சொல்லின் பொருள். அதன் தாய்வீடு தேவாலயம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழிவந்தோர் ஆலயத்தில் ஒருவர் அழைக்க மற்றவர் எதிர்க்குரல் கொடுத்துப் பாடிய துதிப்பாடல் முறையை, 1954இல் ரே சார்ல்ஸ் காதற்பாட்டுக்குக் கொண்டுவந்தபோது சமயப்பற்றுள்ளோர் பலர் கடிந்துகொண்டனர். இழவு வீட்டுக் கானா திரைக்கு வந்ததை ஒத்த பெயர்ச்சி அது. ஒருவர் அடியெடுக்கக் குழு வாங்கிப் பாடும் முறையும் இரண்டிற்கும் பொது.

அமெரிக்காவில் பாட்டின் வெற்றியை அளக்கும் கோல் 'பில்போர்டு' இதழின் தரவரிசைப் பட்டியல். கறுப்பின மக்களின் இசைக்கு அவ்விதழ் தனிப்பட்டியல் வைத்திருந்தது. 1942இல் அதற்கு நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமின் பெயர்; 1945இல் இனத்தின் பெயரால் 'ரேஸ்' பட்டியல்; 1949இல் 'ரிதம் அண்ட் புளூஸ்'; 1969இல் 'சோல்'. பாட்டுக்குக்கூடச் சேரியும் ஊரும் வகுத்திருந்தனர் என்றால் மிகையாகாது. ஊர்ப்பட்டியலில் ஏற வேண்டுமாயின் வெள்ளையர் குரல் எளிய வழியாயிருந்தது. கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி' என்னும் பாட்டை 1956இல் வெள்ளையரான பாட் பூன் மீண்டும் பாடி வெளியிட்டார். பொதுப்பட்டியலில் பாட் பூன் 12ஆம் இடம் வரை ஏறினார்; லிட்டில் ரிச்சர்டு 17ஆம் இடத்தோடு நின்றார். பாட்டு ஏறியது, பாட்டுக்குரியவர் கீழே நின்றார்.

அந்தச் சுவரை மோட்டவுன் குழுக்கள் உடைத்தன. டெம்ப்டேஷன்ஸ் என்னும் ஐவர் குழு 1960இல் டெட்ராய்ட்டில் தோன்றியது. அலபாமா, டெக்சாஸ், மிசிசிப்பி முதலிய தென் மாநிலங்களில் பிறந்து வேலையும் வாழ்வும் தேடி வடக்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். ஒரே நிறத்து உடை, ஒரே அளவான அசைவு, ஐந்து குரல்களின் ஒத்திசைவு ஆகியன அவர்தம் முத்திரை. 1965இல் அவர்களின் 'மை கேர்ள்' பொதுப்பட்டியலில் முதலிடம் பிடித்தது. கீழ்ப்பாக்கத்து மேடையில் நின்ற பத்தொன்பது பேரின் உடையை நினைத்துப் பார்ப்போர்க்கு, ஒடுக்கப்பட்டோர் மேடையேறும்போது உடுத்தும் உடை அலங்காரம் மட்டுமன்று என்பது விளங்கும்.

போராட்டமும் வெற்றியும் ஒன்றாய்ச் செல்லலாம் என்பதற்கு ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் சான்று. தந்தையும் மக்களுமாய் ஆலயங்களில் பாடிய சிகாகோ குடும்பம் அது. மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்துக்குத் துணைநின்று உரிமைப் பாடல்களைப் பாடினர். 1972இல் 'ஐ'ல் டேக் யூ தேர்' என்னும் அவர்தம் பாட்டு பொதுப்பட்டியலின் முதலிடத்தை எட்டியது. தன்மதிப்பைப் பாடினால் சந்தை கேளாது என்பாரின் கூற்று அங்கே பொய்த்தது.

ஆனால் முதலிடத்தின் மறுபக்கமும் உண்டு. சுப்ரீம்ஸ் என்னும் பெண்கள் மூவர் குழு 1964 தொடங்கிப் பன்னிரண்டு முறை பொதுப்பட்டியலின் முதலிடம் பெற்றது. அக்குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஃபிளாரன்ஸ் பல்லார்ட் 1967இல் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். வறுமையில் உழன்று 1976இல் தம் 32ஆம் வயதில் இறந்தார். மோட்டவுன் பாடல்களுக்கெல்லாம் பின்னணி இசைத்தவர்கள் ஃபங்க் பிரதர்ஸ் என்னும் கலைஞர்கள். 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை அவர்தம் பெயர்கள் இசைத்தட்டு உறைகளில் அச்சிடப்படவில்லை. உலகமே ஆடிய தாளத்தை இசைத்தவர் யார் என்று உலகம் பரவலாக அறிந்தது 2002இல் வந்த ஓர் ஆவணப்படத்தால்.

இந்தப் பின்புலத்தோடு மீண்டும் தமிழகத்துக்குத் திரும்பினால், அண்மைக்கால நிகழ்ச்சியொன்று தெளிவாகத் தெரியும். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் புகழ்பெற்ற சொல்லிசைக் கலைஞர் அறிவு, அரக்கோணத்தைச் சேர்ந்தவர். 2019இல் 'தெருக்குரல்' என்னும் தொகுப்பை வெளியிட்ட அவர், 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் இணைந்து 'எஞ்சாயி எஞ்சாமி'யைப் பாடினார். சந்தோஷ் நாராயணன் அப்பாட்டின் இசைப்பொறுப்பாளர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வே அப்பாட்டின் வித்து என்று அறிவு கூறியுள்ளார். 1964இல் சிறிமாவும் சாத்திரியும் செய்த உடன்படிக்கையால் தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணை விட்டுவந்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழரின் கதை அது. காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்க்கு ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை என்னும் ஒப்பாரி, நடனத் தாளத்தில் உலகெங்கும் ஒலித்தது. இந்நாளின் தரவரிசையான யூடியூப்பில் அதைக் கண்டோர் எண்ணிக்கை ஐம்பது கோடியைக் கடந்தது.

புகழ் வந்த அளவுக்குப் பெயர்ச்சிக்கலும் வந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் அப்பாட்டைக் குறிப்பிட்டபோது அறிவின் படம் இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். பின்னர் அவ்விதழ் அறிவுக்குத் தனி அட்டை வெளியிட்டது. 2022ஆம் ஆண்டு இவ்வட்டாரத்தின் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. சென்னை நேரு விளையாட்டரங்கில் நிகழ்ந்த அதன் தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தது. அறிவு மேடையில் இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தமையால் இணைய இயலவில்லை என்பது மறுதரப்பின் விளக்கம். சொல் யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்று இருதரப்பும் வெளிப்படையாக அறிக்கைகள் விடுத்தன. 2024இல் இசையமைப்பாளரே முன்வந்து, அப்பாட்டிலிருந்து தமக்கும் உடன்பாடிய கலைஞர்களுக்கும் வருவாய் எதுவும் வந்துசேரவில்லை என்று அறிவித்தார். யார் பக்கம் நீதி எவ்வளவு என்று தீர்ப்புரைப்பது இந்த மேடையின் வேலையன்று. ஐம்பது கோடி முறை கேட்கப்பட்ட பாட்டுக்கும், நிலமற்றோரின் உழைப்புக்கு நேர்ந்தது நேர்ந்தது என்பதே எண்ணிப்பார்க்க வேண்டியது. பாட்டு சொன்ன கதை பாட்டுக்கே வாய்த்தது.

டெட்ராய்ட்டும் வடசென்னையும் உணர்த்துவது ஒன்றே. பாட்டு படியேறுவது வேறு. பாடியோர் படியேறுவது வேறு. இரண்டும் சேர்ந்து நிகழவேண்டுமாயின் பாட்டோடு பெயரும் செல்லவேண்டும். பெயர் என்பது வெறும் புகழ்ச்சியன்று. கூலியும் உரிமையும் வரலாற்றில் இடமும் பெயரைப் பற்றிக்கொண்டே வருகின்றன. அயோத்திதாசர் முதற்கண் கேட்டதும் பெயரே.

இதில் இலக்கிய வட்டங்களுக்கு ஒரு கடமை உண்டு. குறுந்தொகையைத் தொகுத்தோர் முன்னும் இத்தகைய நிலை ஒன்று வந்தது. பாட்டு கைக்குக் கிடைத்தது. பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் அந்தப் பாட்டைத் தள்ளவில்லை. அதைப் பெயரற்றதாக விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. பாட்டிலுள்ள அழகிய தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்றும் ஓரேருழவனார் என்றும் புலவர்க்குச் சூட்டினர். பெயரை இழந்தவர்க்கு அவர்தம் சொல்லாலேயே ஒரு பெயர் செய்து கொடுத்த பண்பாடு இது. உலகில் வேறெங்கும் எளிதிற் காணமுடியாத நேர்மை அதில் உண்டு.

அந்த நேர்மையை ஏட்டுப் பாட்டுக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளலாகாது. செங்கற்பட்டு வட்டாரத்துச் சிற்றூர்களில் நாற்று நடும்போதும் பிணத்தின் தலைமாட்டிலும் பாடிய பெண்கள் எத்தனையோ பேர். அவர்தம் பாட்டுகள் இன்று கைப்பேசிகளில் பதிவாகின்றன. அடுத்த ஆண்டே யாரோ ஒருவரின் மெட்டாகத் திரும்பி வரலாம். பதிவுசெய்வோர் பாட்டின் தலைப்பில் பாடியவர் பெயரையும் ஊரையும் அவர் விருப்பமறிந்து எழுதிவைத்தல் பெரிய செலவன்று. ஆனால் பின்னொரு நாள் அந்தப் பாட்டு ஏதேனும் ஒரு பட்டியலில் முதலிடம் பெறும்போது, அந்த ஒற்றை வரிதான் ஒரு கிழவிக்குச் சான்றாக நிற்கும்.

மாலை வண்டியின் வாசலில் தாளம் தட்டும் இளைஞர்களுக்கும் பெயர்கள் உண்டு. வண்டி சிங்கப்பெருமாள் கோவிலில் நிற்கும் நேரம் குறைவு. ஆயினும் ஒருவரின் பெயரைக் கேட்டறிய அந்த நேரம் போதும்.